எடை குறைக்கிற ஊசி: மதுரை மருந்துக்கடையில் என்னிடம் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

தல்லாகுளம் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். 2025 மார்ச்சில் மௌன்ஜாரோ, ஜூனில் வெகோவி என்று எடை குறைக்கிற வார ஊசிகள் இந்தியாவுக்கு வந்தன. அப்போதிருந்து எங்கள் கடையில் இந்தப் பேச்சு இல்லாத நாளே இல்லை. தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர், ஆண்களில் 37 பேர் இருக்க வேண்டியதைவிட அதிக எடையோடு இருக்கிறார்கள் என்று 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. கேள்விகள் குவிவதில் ஆச்சரியம் இல்லை.

நான் டாக்டர் இல்லை. ஊசியைத் தொடங்கலாமா, நிறுத்தலாமா என்று முடிவெடுப்பது உங்கள் டாக்டரின் வேலை. ஆனால் சீட்டு எழுதி முடித்த பிறகு நடப்பதை நான் தினமும் பார்க்கிறேன். நான் பார்த்த சிக்கல்களில் பல, ஊசி போடுவதை யாரிடமோ சொல்லாமல் விட்டதால் பெரிதானவை. ஒருவர் சுகர் டாக்டரிடம் சொல்லவில்லை, இன்னொருவர் வீட்டில் சொல்லவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

அக்கா, இது என்ன மருந்து? உடம்புக்குள் போய் என்ன செய்கிறது?

சாப்பிட்டதும் நம் குடலில் ஜிஎல்பி-1 என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. "போதும்" என்று மூளைக்குச் சொல்வதும், இரைப்பையில் இருந்து சாப்பாடு இறங்குவதை மெதுவாக்குவதும், இன்சுலினைத் தூண்டுவதும் அதன் வேலைகள். இயற்கையாகச் சுரப்பது சில நிமிடங்களில் கரைந்துவிடும். ஊசி மருந்தோ அதே வேலையை வாரக்கணக்கில் செய்கிறது. வெகோவி, ஓசெம்பிக் இரண்டிலும் இருப்பது செமாக்ளூடைடு. மௌன்ஜாரோவில் இருக்கும் டிர்செபடைடு, இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. லிராக்ளூடைடு பழையது, தினமும் போட வேண்டும்.

பலன் பொய்யில்லை. 2021இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் செமாக்ளூடைடு போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது. 2022இல் வெளியான ஆய்வில் டிர்செபடைடின் உயர்ந்த அளவுக்கு 20 சதவீதத்துக்கும் மேல். 100 கிலோ இருந்தவர் 80 கிலோ ஆகிறார். அவ்வளவு வேலை செய்கிற மருந்துக்குப் பக்க விளைவும் இருக்கும்.

பல்லி விஷத்தில் இருந்து எடுத்ததாமே?

முழுப் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அமெரிக்காவில் கீலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லி உண்டு. அதன் விஷத்தில் இருந்த ஒரு பொருளைப் பார்த்து எக்ஸெனடைடு என்ற மருந்தை உருவாக்கினார்கள், 2005இல் அது அங்கே அனுமதி பெற்றது. இப்போதைய செமாக்ளூடைடு மனித ஹார்மோனின் அமைப்பையே ஒட்டித் தயாரிக்கப்படுகிறது. பல்லிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஐந்தாறு கிலோ குறைத்தால் போதும். எனக்குத் தருவீர்களா?

மருந்துச் சீட்டு இல்லாமல் தர மாட்டேன். பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற கணக்கு, 30க்கு மேல் இருப்பவர்களுக்கும், 27க்கு மேல் இருந்து கூடவே சுகர், பிரஷர் மாதிரி ஏதாவது தொந்தரவு இருப்பவர்களுக்கும் என்றுதான் இந்த மருந்து வந்திருக்கிறது. 160 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு பி.எம்.ஐ. 30 என்றால் 77 கிலோ. நீங்கள் 62 கிலோ இருந்து 56 ஆக ஆசைப்பட்டால், கிடைக்கிற பலன் கொஞ்சம், எடுக்கிற ஆபத்து முழுசு.

போட்டதில் இருந்து குமட்டுகிறது. எத்தனை நாள் இருக்கும்?

அதிகம் பேர் கேட்கிற கேள்வி இதுதான். மேலே சொன்ன 2021 ஆய்வில் 100 பேருக்கு 44 பேர் குமட்டல் என்றார்கள். வயிற்றோட்டம் 31 பேருக்கு, வாந்தி 25 பேருக்கு, மலச்சிக்கல் 23 பேருக்கு. ஆனால் வயிற்றுத் தொல்லையால் மருந்தையே விட்டவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு முதல் சில வாரங்களிலும், அளவைக் கூட்டும்போதும் வரும், அப்புறம் அடங்கும்.

அதனால்தான் படிப்படியாக ஏற்றுகிறார்கள். வெகோவியை 0.25 மி.கி.யில் தொடங்கி நான்கு நான்கு வாரமாக 0.5, 1, 1.7 என்று ஏற்றி 2.4க்கு வருவார்கள். மௌன்ஜாரோ 2.5இல் தொடங்கும். எடை இறங்கவில்லையே என்று இரண்டாம் வாரமே தானாகக் கூட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். செமாக்ளூடைடு பாதியாகக் கரையவே சுமார் ஒரு வாரம் ஆகும், முழுக்க வெளியேற ஐந்து வாரம் பிடிக்கும். கூடுதலாகப் போட்டுவிட்டு வாந்தி நிற்கவில்லை என்று வந்தால், போட்டதைத் திரும்ப எடுக்க யாராலும் முடியாது.

சாப்பாட்டை மாற்றினால் பாதி சரியாகும். இரைப்பை மெதுவாகக் காலியாகிறது என்பதை மறக்காதீர்கள். ராத்திரி பத்து மணிக்குச் சால்னா ஊற்றிய கொத்து புரோட்டா சாப்பிட்டால், மறுநாள் காலையிலும் அது வயிற்றிலேயே நிற்கிற மாதிரி இருக்கும். அழுகிய முட்டை வாடையோடு ஏப்பம் வருகிறது என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்றுதான். இரண்டு இட்லி, ரசம் சாதம், மோர், வேகவைத்த முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். பாதி வயிற்றிலேயே கையைக் கழுவுங்கள். கல்யாண வீட்டில் இலையில் வைத்ததை மிச்சம் வைக்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். இந்த ஒரு விஷயத்தில் பழக்கத்தை விட்டுத்தான் ஆக வேண்டும்.

வாந்தி வந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தமாமே?

இல்லை. வாந்தியே வராதவர்களுக்கும் எடை நன்றாகக் குறைகிறது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

சுகர் மாத்திரையும் சாப்பிடுகிறேன். சேர்த்துப் போடலாமா?

எந்த மாத்திரை என்பதுதான் கேள்வி. மெட்ஃபார்மினோடு சேர்த்துச் சாதாரணமாகவே தருகிறார்கள். ஆனால் கிளைமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளும் இன்சுலினும் வேறு ரகம். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை, சுகரை இறக்கிக்கொண்டே இருக்கும். ஊசியால் நீங்கள் பாதிச் சாப்பாடு சாப்பிடுகிறபோது, பழைய அளவு மாத்திரை உங்களுக்கு அதிகமாகிவிடுகிறது.

மேலூர் பக்கத்தில் இருந்து வருகிற ஒரு பெரியவர், ஒரு நாள் காலை கடைக்கு வந்தார். மின்விசிறிக்குக் கீழே நின்றும் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நூறு ரூபாய் நோட்டுகளை எண்ணுகிறார், மூன்றாவது நோட்டுக்கு மேல் போக முடியவில்லை, திரும்பத் திரும்ப முதலில் இருந்து எண்ணுகிறார். விரலில் குத்திப் பார்த்தேன், சுகர் 54தான். மூன்று ஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து உட்கார வைத்தோம். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 88. அப்புறம்தான் பேசினார். எட்டு வருஷமாகக் கிளைமிபிரைடு ஒரு டாக்டரிடம், எடை ஊசி இன்னொரு டாக்டரிடம். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. அவர் பைக்கில் வந்திருந்தார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, கண் இருட்டுவது, காரணமில்லாத கோபம் எல்லாம் லோ சுகரின் அடையாளம். சர்க்கரையோ குளுக்கோஸோ மூன்று ஸ்பூன் உடனே, கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதனை. நினைவில்லாமல் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்று, டைப் 1 சுகர்காரர்கள் இந்த ஊசியை நம்பி இன்சுலினை நிறுத்தவே கூடாது.

பிரஷர் மாத்திரை, மூட்டு வலி மாத்திரை?

இதை யாரும் தனியாகக் கேட்பதில்லை, நானே கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். எடை அதிகமுள்ளவர்களுக்கு முழங்கால் வலி இருக்கும். டைக்ளோஃபினாக் மாத்திரையை மிட்டாய் மாதிரி வாங்கிப் போகிறார்கள். கூடவே பிரஷருக்கு டெல்மிசார்டன், அதனுடன் சேர்ந்து வருகிற நீர் மாத்திரை. இதற்கு மேல் ஊசியால் வாந்தி, வயிற்றோட்டம், தாகமின்மை. வலி மாத்திரை, பிரஷர் மாத்திரை, ஊசியின் இந்தத் தொல்லை மூன்றும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகலாம். அதுவும் சித்திரை, வைகாசி வெயிலில்.

வலி மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். வாந்தி, வயிற்றோட்டம் நிற்காத நாட்களில் பிரஷர், நீர், சுகர் மாத்திரைகளை எடுக்கலாமா என்று டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போனாலும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலும் தள்ளிப் போடாதீர்கள். எடை குறையக் குறைய பிரஷர் தானாகவே இறங்கும் என்பதால் பழைய அளவு மாத்திரை கூடுதலாகியிருக்கலாம்.

எந்த வலி வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவுகிற, நிற்காத கடும் வலி. கணைய அழற்சியாக இருக்கலாம். வாயு என்று நினைத்து சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடாதீர்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையோ, பக்கத்தில் இருக்கிற எந்த அவசர சிகிச்சைப் பிரிவோ, உடனே போங்கள். இது அரிது, ஆனால் வந்தால் உயிருக்கு ஆபத்து. முன்பே கணைய அழற்சி வந்தவர்கள், தினமும் குடிப்பவர்கள், ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு மிக அதிகமாக இருப்பவர்கள் ஊசி தொடங்கும் முன்பே டாக்டரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும்.

வலது விலா எலும்புக்குக் கீழே வலி, காய்ச்சல், கண் மஞ்சள் என்றால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். எந்த வழியில் எடை வேகமாகக் குறைந்தாலும் கல் உருவாகும் வாய்ப்புக் கூடும், ஊசியிலும் அப்படித்தான். வயிறு உப்பி, பல நாள் மலமும் வாயுவும் போகாமல் வாந்தியும் வந்தால், மலமிளக்கி கேட்டு என்னிடம் வராதீர்கள். அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம்தான்.

கண் போய்விடும் என்கிறார்களே?

இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறார்கள். முதலாவது, பல வருஷமாகச் சுகர் இருந்து விழித்திரை ஏற்கெனவே பாதித்தவர்கள். சுகர் திடீரென்று வேகமாக இறங்கும்போது அந்தப் பாதிப்பு கொஞ்ச காலம் மோசமாகலாம். 2016இல் வந்த ஒரு செமாக்ளூடைடு ஆய்வில் இத்தகைய விழித்திரைச் சிக்கல் ஊசி போட்டவர்களில் 3 சதவீதம், போடாதவர்களில் 1.8 சதவீதம். எனவே சுகர்காரர்கள் ஊசிக்கு முன் கண்மணியை விரிக்கிற சொட்டு மருந்து போட்டு விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிற ஊரில் இதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

இரண்டாவது, பார்வை நரம்புக்கு ரத்த ஓட்டம் தடைபடுவது. செமாக்ளூடைடின் மிக அரிதான பக்க விளைவு இது, 10,000 பேரில் ஒருவர் வரை பாதிக்கப்படலாம் என்று 2025 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பு அறிவித்தது. வலியே இல்லாமல் ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மங்கும், பலருக்குக் காலையில் எழும்போதே. அன்றே கண் டாக்டரிடம் போங்கள். அடுத்த ஊசியை அவர் சொல்லாமல் போடாதீர்கள்.

தைராய்டு இருக்கிறது, போடலாமா? புற்றுநோய் வருமாமே?

தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுவது தடை இல்லை. எடை குறையும்போது மாத்திரையின் அளவு மாறலாம், ரத்தப் பரிசோதனையை மட்டும் விடாதீர்கள். எலிகளில் ஒருவகைத் தைராய்டு கட்டி வந்ததால்தான் புற்றுநோய் எச்சரிக்கை. மனிதர்களில் அது நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் மெடுல்லரி என்கிற வகைத் தைராய்டு புற்றுநோய் உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்கோ இருந்திருந்தால் இந்த மருந்து கூடாது.

பொண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். அதற்குள் மெலியப் போடலாமா?

அம்மாக்கள் கேட்கிற கேள்வி இது. பொண்ணு பக்கத்தில் தலையைக் குனிந்து நிற்கும். முதலில் அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள் அம்மா, அவளுக்கு இது வேண்டுமா என்று.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பத்தில் இந்த ஊசி கூடாது. குழந்தைக்கு முயற்சி செய்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே செமாக்ளூடைடை நிறுத்த வேண்டும். ஆவணியில் கல்யாணம் முடித்து ஐப்பசியிலேயே "விசேஷம் உண்டா" என்று கேட்கிற ஊர் நம்முடையது. கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதோடு பி.சி.ஓ.டி. என்கிற சினைப்பை நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு எடை குறைந்ததும் நின்றுபோன முட்டை வளர்ச்சி மறுபடி தொடங்கும், எதிர்பாராமல் கரு தங்கலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: மௌன்ஜாரோ அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கலாம். தொடங்கி நான்கு வாரமும், ஒவ்வொரு முறை அளவைக் கூட்டிய பின் நான்கு வாரமும் ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். பால் கொடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

முடி கொட்டுகிறது, முகம் ஒட்டிப்போய்விட்டது. மருந்தின் விஷமா?

விஷம் இல்லை. எடை வேகமாக இறங்கினால், பெரிய காய்ச்சல் வந்து போன மாதிரி, இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும். பெரும்பாலும் திரும்ப வளரும். எனக்குக் கவலை தருவது தசைதான். குறைகிற எடையில் கால் பங்கோ அதற்கு மேலோ கொழுப்பு இல்லாத பகுதியாக இருக்கலாம், அதில் தசையும் அடக்கம். அறுபது தாண்டியவர்களுக்கு இது மாடிப்படி ஏறுவதையும் கீழே விழுவதையும் தீர்மானிக்கிற விஷயம். பசியே இல்லாத நாளிலும் முதலில் புரதத்தைச் சாப்பிடுங்கள். முட்டை, சுண்டல், பயறு, கோழி, அயிரை மீன், எது ஒத்துக்கொள்கிறதோ அது. தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பது நல்லதுதான், ஆனால் தசைக்கு அது போதாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, எடை தூக்குவது என்று வாரத்தில் இரண்டு நாளாவது செய்ய வேண்டும்.

ஆபரேஷன், எண்டோஸ்கோப்பி இருந்தால்?

பட்டினி கிடந்தாலும் இரைப்பையில் சாப்பாடு தங்கியிருக்கலாம். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. தேதி குறிக்கும்போதே ஊசி போடுவதைச் சொல்லுங்கள். நிறுத்துவதா, எத்தனை நாள் என்பதை மயக்க மருந்து டாக்டர் சொல்வார்.

விரதம் இருக்கலாமா?

தண்ணீரும் குடிக்காமல் இருக்கிற விரதம் வேண்டாம். சுகர் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு இருங்கள்.

நிறுத்தினால் எடை திரும்ப ஏறிவிடுமா?

பெரும்பாலும் ஏறும். 2021 ஆய்வில் இருந்தவர்களில் ஒரு பகுதியினரை ஊசி நிறுத்திய பின்பும் தொடர்ந்து பார்த்தார்கள். குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருஷத்தில் திரும்பியிருந்தது. அவர்களுக்கு மனவுறுதி இல்லை என்று அர்த்தமில்லை, மருந்து போனதும் பசி திரும்புகிறது. ஆகவே மூன்று மாதத்துக்கு மட்டும் பணம் வைத்துக்கொண்டு தொடங்குபவர்களிடம், டாக்டரோடு செலவையும் பேசிவிட்டு வாருங்கள் என்று சொல்கிறேன். மௌன்ஜாரோ வந்த புதிதில் 2.5 மி.கி. குப்பி ஒன்று 3,500 ரூபாய், மாதத்துக்கு நான்கு வேண்டும்.

செலவைக் குறைக்க, நானும் வீட்டுக்காரரும் ஒரே பேனாவைப் பங்கு போடலாமா?

கூடாது. பேனா வடிவத்தில் வருகிற ஊசியில் ஊசிமுனையை மாற்றினாலும் கூடாது. ஒருவர் ரத்தம் பேனாவுக்குள் பின்வாங்கி, மஞ்சள் காமாலைக் கிருமி போன்றவை மற்றவருக்குப் போகலாம்.

மதுரை வெயிலில் ஊசியை எப்படி வைத்துக்கொள்வது?

ஃபிரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில், நடுத்தட்டில். ஃப்ரீசரிலோ, அதை ஒட்டியோ வைக்காதீர்கள். வெளியே இருந்தால் மௌன்ஜாரோ குப்பி 30 டிகிரிக்குள் 21 நாள் தாங்கும். மே மாதம் நம் வீட்டு அலமாரியே 30 டிகிரியைத் தாண்டிவிடும்.

உசிலம்பட்டிக்குப் பஸ்ஸில் போக வேண்டிய ஒரு அக்கா, வாங்கிய ஊசியோடு ஒரு நாள் திரும்பி வந்தார். தூக்குச்சட்டியைத் திறந்தால் உள்ளே ஐஸ் கட்டிகள், உப்பு, அதன் நடுவே காகிதம்கூடச் சுற்றாத பேனா. உப்பு போட்டால் ஐஸ் சீக்கிரம் கரையாது என்று யாரோ சொன்னார்களாம். உப்பு சேர்ந்த ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழே போகும். பேனாவின் கண்ணாடிக்குள் மருந்து வெள்ளையாக உறைந்து நின்றது. உறைந்ததை உருகவைத்துப் போடக்கூடாது, குப்பைதான். அவர் கேட்டதெல்லாம், "இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?" என்பதுதான். சொல்லியிருக்க வேண்டும். அன்றில் இருந்து ஒவ்வொரு பேனாவையும் துணியில் சுற்றி, ஐஸ் பை மேலே படாமல் எப்படி வைப்பது என்று காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

ஜிம்மில், வாட்ஸப்பில் பாதி விலைக்குத் தருகிறார்கள்...

வாங்காதீர்கள். போலி ஓசெம்பிக் பல நாடுகளில் பிடிபட்டு 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனமே எச்சரித்தது. பேட்ச் எண்ணோடு பில் கேளுங்கள். பில் தர முடியாதவர் மருந்தும் தரக்கூடாது.

ஒரு வாரம் மறந்துவிட்டேன்.

இரண்டு ஊசியைச் சேர்த்துப் போடாதீர்கள். மௌன்ஜாரோ என்றால் நான்கு நாளுக்குள் நினைவு வந்தால் போடலாம். வெகோவிக்கு, அடுத்த ஊசிக்கு இரண்டு நாளுக்கு மேல் இருந்தால் போடலாம். இல்லையென்றால் விட்டுவிட்டு வழக்கமான நாளில் தொடருங்கள். பல வாரம் விட்டுப்போனால் பழைய அளவில் தொடங்கக்கூடாது, டாக்டரைக் கேளுங்கள்.

வீட்டில் யாருக்கும் தெரியாமல் போடுகிறேன். தப்பா?

தப்பென்று சொல்ல மாட்டேன். "குண்டு" என்று பேர் வைத்தே கூப்பிடப்பட்டு வளர்ந்தவர்கள், இப்போது ஊசி போடுவதையும் வீட்டில் கேலி செய்வார்கள் என்று பயப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வயிற்று வலியில் துடிக்கும்போது, ஆஸ்பத்திரியில் உங்களுக்காகப் பேச ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். அக்காவோ, தோழியோ, மகனோ, ஒருவர் போதும். மருந்தின் பெயர், அளவு, போடுகிற கிழமை மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். மனசு காரணமில்லாமல் இருண்டுபோனாலும் அந்த ஒருவரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

போட்டு முடித்த ஊசியை என்ன செய்வது?

மாமியார் கண்ணில் படக்கூடாது என்று செய்தித்தாளில் சுற்றிக் குப்பைக் கூடையின் அடியில் திணிப்பதாக ஒருவர் சொன்னார். காலையில் தள்ளுவண்டியோடு வருகிற தூய்மைப் பணியாளர் அம்மா அதைக் கையால்தான் பிரிக்கிறார். கெட்டியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் ஊசிகளைப் போட்டு வாருங்கள். முக்கால் பாகம் நிறைந்ததும் மூடியை டேப் போட்டு ஒட்டி, மேலே "ஊசி" என்று பெரிதாக எழுதி, உங்கள் டாக்டரின் மருத்துவமனையில் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டு அங்கே கொடுத்துவிடுங்கள்.